கதவை மாற்றாதீர்கள், திறவுங்கள்

கீச்சிடும் கதவைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரன் வேண்டுமா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். வேண்டும் என்பேன். தீவகத்து வீடுகளுக்கு நாம் என்ன செய்துவருகிறோம் என்பதை அறிய ஆய்வறிக்கைகளைப் புரட்டத் தேவையில்லை. வேலணையிலோ, புங்குடுதீவிலோ, ஊர்காவற்றுறையிலோ புலம்பெயர்ந்தோர் பணத்தில் எழுந்த ஒரு வீட்டின் கராஜ் கதவைத் திறந்து பாருங்கள். அது போடும் கூச்சல் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கனடாவிலுள்ள உறவினர் ஒருவருக்கு வேலணையில் வீடு. கராஜுக்கு இரட்டை இரும்புக் கதவு. அதைத் திறந்தால் நாலு வளவுக்குக் கேட்கிறது என்று அயலவர் முறையிட்டனர். பார்க்க வந்த ஒப்பந்தகாரர் ஒருவர், தொட்டுப் பார்க்காமலே தீர்ப்பு வழங்கினார்: "எல்லாம் கறள் பிடித்துப் போயிற்று. கழற்றி எறிந்துவிட்டு ஷட்டர் போடுங்கள்." பணம் அனுப்புமுன் என்னை ஒருமுறை பார்க்கச் சொன்னார் உறவினர். பார்த்தேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்க முயலாதீர்கள். காது ஏமாற்றும். பிணைச்சலில் எழும் சிறு நடுக்கத்தை அந்த அகன்ற தகடு பறைபோல வாங்கி முழங்குகிறது. கதவு முழுவதும் அலறுவதாகவே தோன்றும். ஒருவரை மெல்லக் கதவை அசைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பிணைச்சலாகக் கையை வைத்துப் பாருங்கள். நடுங்குவதுதான் குற்றவாளி. சந்தேகமிருந்தால் ஒரு நேரத்தில் ஒரு பிணைச்சலுக்கு மட்டும் எண்ணெய் விடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக விட்டால் எது கத்தியது என்பது ஒருநாளும் தெரியவராது.

அடுத்து, கதவின் பூட்டுப் பக்க நுனியை ஒரு பலகையால் சற்றே நெம்பித் தூக்கி அசைத்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால், பாரம்தான் நோயின் மூலம். அந்த வீட்டில் அதுவே நடந்திருந்தது. இடது கதவின் மேற்பிணைச்சலில் இரண்டு ஆணிகள் தளர்ந்து, கதவு முன்பக்கம் சரிந்து, அதன் பாரத்தால் கீழ்ப்பிணைச்சல் இறுகிக் கிடந்தது. கத்தியது கீழே, பிழை மேலே. கதவுக்கு முட்டுக்கொடுத்து, பிணைச்சலின் அச்சைத் தட்டிக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அரத்தாளால் கறள் நீக்கி, கிரீஸ் பூசி மாட்டினோம். மேல் ஆணிகளை முறுக்கினோம். ஒரு சிறு டின் கிரீஸும் ஒரு முற்பகலும் போதுமாயிருந்தன. ஷட்டரின் விலையை உறவினர் இப்போது நினைத்துப் பார்ப்பதில்லை.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. உலர்ந்த இரு பரப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பின் வழுக்கி, மீண்டும் பற்றிக்கொள்கின்றன. விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நிகழும்போது எழுவதே கீச்சொலி. வயலின் வில் தந்தியை இசைக்க வைப்பதும் இதே முறையில்தான். அங்கே பற்றுதல் வேண்டும் என்பதற்காக வில்லுக்குக் குங்கிலியம் தடவுகிறார்கள். இங்கே பற்றுதல் கூடாது என்பதற்காக மசகு தடவுகிறோம். வண்டில் அச்சுக்குப் பூசிய அந்த நல்ல தமிழ்ச் சொல்லை நம் பத்திரிகைகள் நிலத்தடியில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டன. அது வேறு வழக்கு.

எதைப் பூசுவது என்பதிலும் நமக்குக் குழப்பம். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் டபிள்யூ.டி-40 சர்வரோக நிவாரணி என்று பலர் நம்புகின்றனர். நீரை அகற்றும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதே அப்பெயரின் பொருள். இறுகிய அச்சை இளக்க அது நன்று. பாரமான கதவின் பிணைச்சலில் நெடுநாள் நின்று உழைக்க அதனால் ஆகாது. அதற்குக் கிரீஸே பொருத்தம். சமையலறை நல்லெண்ணெயும் வேண்டாம். நாளடைவில் பிசினாகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். ஷட்டர் உள்ளவர்கள் அதன் பக்கத் தவாளிப்பில் கிரீஸ் அப்ப வேண்டாம், மணல் ஒட்டும். துடைத்துவிட்டு சிலிக்கோன் தெளித்தால் போதும். மேலே சுருண்டிருக்கும் வில்லில் மட்டும் கை வைக்காதீர்கள். முறுக்கேறிய வில் ஆளைக் கொல்லவும் கூடும்.

இவ்வளவும் கைவேலை. இனிச் சொல்லப்போவதே என் வழக்கு.

பூசிய கிரீஸ் எத்தனை நாள் நிற்கும்? கதவு அசைந்தால் நிற்கும். அசைவே கிரீஸை அச்செங்கும் பரப்புகிறது. தீவகத்தில் சோளகம் வீசும் மாதங்களில் கடலின் உப்பு காற்றோடு வந்து படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் வைத்திருக்கும். ஆண்டுக்கொரு முறை, திருவிழாவுக்கு நயினாதீவு போகும் வழியில் மட்டும் திறக்கப்படும் கதவு கறள் பிடிக்காமல் என்ன செய்யும்? நம் பாட்டன்மார் வீடுகளில் இரும்புப் பிணைச்சலே இல்லாத கதவுகள் இருந்தன. மரக் குடுமியில் சுழன்றன. அவையும் முனகின. ஆனால் நாளுக்கு இருபது தடவை திறக்கப்பட்டன. சத்தம் கேட்டவர் அன்றே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். கதவைக் காத்தது எண்ணெயன்று, வீட்டில் இருந்த ஆள்.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் இராணுவம் தீவுகளில் இறங்கியபோது பூட்டிவிட்டு ஓடியவர்களை நான் குறைகூறவில்லை. அது உயிர் காக்கும் ஓட்டம். நான் கேட்பது 2009 இன் பின் எழுந்த கதவுகளைப் பற்றி. மதில் உயர்ந்தது, கதவு அகன்றது, உள்ளே குடியிருக்க ஆளில்லை. பக்கத்து வளவில் ஒரு குடும்பம் ஒழுகும் கூரையின் கீழ் இருக்கிறது. "விட்டால் குந்திவிடுவார்கள், பத்து வருட ஆட்சி கேட்பார்கள்" என்பதே எல்லோரும் சொல்லும் காரணம்.

இந்த அச்சத்தையும் தொட்டுப் பார்ப்போம். பத்தாண்டு ஆட்சியால் உரிமை வரும் என்று சொல்லும் 1871 ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளருக்கு எதிரான ஆட்சியைப் பற்றியே பேசுகிறது. உங்கள் அனுமதியோடு, எழுத்து மூலம் குடியிருப்பவரின் இருப்பு அத்தகைய ஆட்சியன்று. ஒரு சட்டத்தரணியைக் கொண்டு ஒழுங்காக எழுதுவியுங்கள், உரிய காலத்தில் புதுப்பியுங்கள். மாறாக, யாரும் எட்டிப்பாராத வீடே அத்துமீறி நுழைபவனுக்கு வசதி. பூட்டு உரிமையைக் காக்கும் என்பது, ஷட்டர் போட்டால் சத்தம் நிற்கும் என்பதைப் போன்ற தீர்ப்புத்தான். கத்துவது ஓரிடம், பிழை வேறிடம்.

அன்பர்களே, அடுத்த முறை ஊரிலிருந்து "கதவு சத்தமிடுகிறது" என்று செய்தி வந்தால் புதுக் கதவுக்குப் பணம் அனுப்பாதீர்கள். கிரீஸுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள். திறப்பை ஒரு குடும்பத்தின் கையில் கொடுங்கள். பிறகு அந்தக் கதவின் சத்தம் ரொறன்ரோ வரைக்கும் வராது.