பிரசவத்துக்குப் பின் இறுகும் தசை



பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசை தளர்ந்துபோவதைப் பற்றியே பேசுகிறோம். சிலருக்கு அது இறுகியும் போகிறது. தையல் வலிக்கு அஞ்சி உடல் அந்தத் தசையை இறுக்கிக்கொள்கிறது. புண் ஆறிய பிறகும் பிடி விடுவதில்லை. சிறுநீர் விட்டுவிட்டு வரும், மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கும், தாம்பத்தியம் வலிக்கும். இவர்களிடம் தசையை இறுக்கிப் பிடிக்கும் வழக்கமான பயிற்சியைச் சொன்னால் வலி கூடலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு எழும்ப மூச்சிழுத்து, இடுப்புத்தளத் தசை மெல்ல இறங்குவதை உணர்வதுதான் இவர்களுக்கான முதல் பயிற்சி.

நொச்சி போட்ட வெந்நீர் ஊற்றினால் போதாதா என்பார்கள். சூடு இதம் தரும்தான். ஆனால் வெந்நீரோ, குற்றாலத்து எண்ணெய்க் குளியலோ, அருவியோ உள்ளே இறுகிய தசைக்குத் தளரக் கற்றுத் தராது. கூச்சத்தில் பெண்கள் இந்தத் தொல்லைகளைச் சொல்ல மாட்டார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் நாம் கேட்க வேண்டும்; அதற்கு வாய்ப்பும் இருக்கிறது. முதல் ஆறு வாரத்தில் குறைந்தது 4 முறை தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. கிராம சுகாதார செவிலியர்கள் சிறுநீர், மலம், தாம்பத்தியம் தொடர்பான இந்த மூன்று தொல்லைகளையும் தாயிடம் வாய்விட்டுக் கேட்டு, தேவைப்படுவோரை மருத்துவரிடமும் இயன்முறை சிகிச்சைக்கும் அனுப்ப, தென்காசி மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகி, தென்காசி