மணமகளும் ஒப்பமிடட்டும்

சுயாதீனம் என்றதும் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். பிள்ளை மனம்போன போக்கில் நடப்பதற்கான அனுமதி அது என எண்ணுகின்றனர். ஆனால் ஒழுக்க மெய்யியலில் அதன் பொருள் வேறு. ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ட், 1785 இல் வெளியிட்ட நூலில், ஆசைகளின் பின்னால் ஓடுவதைச் சுதந்திரமாகக் கொள்ளவில்லை. சரியெனத் தன் அறிவு ஏற்ற விதிக்குத் தானே கட்டுப்படுவதையே சுயாதீனம் என்றார்.

இந்த மரியாதையை எமது மார்க்க வரலாற்றிலும் காண்கிறோம். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா (ரழி), தம் கணவர் முகீஸை விட்டுப் பிரிந்தார். முகீஸின் கண்ணீரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மீண்டும் சேர்ந்து வாழலாமே என்றார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரை மட்டுமே என அறிந்ததும் மறுத்தார். அந்த மறுப்பு ஏற்கப்பட்டது.

எங்கள் நாட்டிலோ, 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. அவளுக்காக வலி ஒப்பமிடுகிறார். கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அவளிடம் கேட்ட பின்னரே மௌனம் சம்மதமாகும். அதுவும், மறுக்கும் வழி திறந்திருந்தால் மட்டுமே.

வலியின் ஒப்பத்தை நீக்குமாறு நான் கேட்கவில்லை. வாப்பாவின் ஆலோசனையும் துஆவும் எங்களுக்கு என்றும் வேண்டும். அவரது ஒப்பத்தின் அருகே மணமகளின் ஒப்பமும் இடம்பெறட்டும். நிகாஹ் ஓர் உடன்படிக்கை. அதன் கடமைகளை வாழ்நாள் முழுவதும் சுமக்கப்போகிறவள், அவற்றைத் தானே ஏற்றுக்கொண்டதாகத் தன் கையால் எழுதுவதில் என்ன தவறு?