இழுப்பறையில் இருக்கும் பழைய மோடம் இனி கைகொடுக்காது

மெர்லிமாவ் – வீட்டு இணையம் திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது? நம்மவர்களில் பலர் இதற்கு வைத்திருக்கும் விடை ஒன்றுதான். "பழைய யூ.எஸ்.பி. மோடம் இருக்கிறது, அதைச் செருகிக்கொள்ளலாம்." விரல் நீளமே உள்ள அந்தச் சாதனம் ஒரு காலத்தில் பட்டணத்திலும் தோட்டத்திலும் மடிக்கணினியின் ஓரத்தில் செருகியே இருந்தது. ஆனால், அந்த விடை 2021ஆம் ஆண்டு இறுதியிலேயே செல்லாததாகிவிட்டது. இழுப்பறையில் இருப்பது 3ஜி மோடம் என்றால், தேவைப்படும் நாளில் அதன் விளக்கு எரியும். பக்கம் மட்டும் திறக்காது.

இது வெறும் சாதனம் பற்றிய பிரச்சினை அல்ல. உயர்கல்விக்கு விண்ணப்பம், அரசு உதவித் தொகை, சேமநிதிக் கணக்கு, வருமான வரி எல்லாம் இயங்கலைக்குப் போய்விட்ட நாட்டில், இணையம் நிற்கும் ஒரு நாள் ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டைப் பாதிக்கலாம்.

துணையாக வந்தது, தூணாக நின்றது

மலேசியாவில் 3ஜி சேவை 2005ஆம் ஆண்டில் அறிமுகமானது. அதைத் தொடர்ந்து யூ.எஸ்.பி. மோடம்கள் கடைக்கு வந்தன. 2010ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, தேசிய அகண்ட அலைவரிசைத் திட்டமும் டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை ஃபைபர் சேவையும் தொடங்கப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் நாட்டில் பாதி வீடுகளுக்கு அகண்ட அலைவரிசை இணையம் சேர வேண்டும் என்பது இலக்கு.

ஃபைபர் முதலில் பெருநகரங்களுக்குத்தான் போனது. தொலைபேசிக் கம்பி இருந்த பட்டணத்து வீடுகளில் ஸ்திரீமிக்ஸ் இருந்தது. அங்கே யூ.எஸ்.பி. மோடம் ஒரு துணைதான். கம்பியே வராத லயன் வீடுகளுக்கோ அதுவே முழு இணையம். ஒரே சாதனம், இரண்டு விதமான வாழ்க்கை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு "மாற்று இணையம்" பற்றிப் பேசினால் அந்தப் பேச்சு பாதி வீடுகளுக்குப் பொருந்தாது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் வீட்டுக்கு வந்தது. ஏப்ரல் 1ஆம் தேதி முதல் கைப்பேசிப் பயனர்களுக்குக் காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை நாளொன்றுக்கு 1 ஜிபி இலவச டேட்டா தரப்பட்டது. நல்ல உதவிதான். ஆனால், காணொலி வழி வகுப்பு ஒரு மணி நேரம் நடந்தாலே ஏறக்குறைய 1 ஜிபி வரை செலவாகலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், வீட்டில் கைப்பேசி ஒன்று என்றால் கணக்கு எப்படி ஒத்துவரும்? அதே ஆண்டு ஜூன் மாதம், சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுத அலைவரிசை தேடி மரத்தில் ஏறி இரவைக் கழித்த செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. கம்பி வராத இடத்தின் கதை சபாவில் மட்டும் இல்லை என்பது தோட்டப்புற மக்களுக்குத் தெரியும்.

3ஜி ஏன் நிறுத்தப்பட்டது?

அதன் பிறகு 2020ஆம் ஆண்டில் ஜென்டேலா எனும் தேசிய இலக்கவியல் கட்டமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 4ஜி சேவையை விரிவுபடுத்துவதும், அதற்கு வழிவிட 2021 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 3ஜியை நிறுத்துவதும் அதன் பகுதிகள். இதில் ஒரு நியாயம் உண்டு. அலைவரிசை என்பது நிலம் மாதிரி, அளவு குறைவு. 3ஜி பிடித்துக்கொண்டிருந்த இடத்தை 4ஜிக்குக் கொடுத்தால் அதே கோபுரம் கூடுதல் பேருக்கு வேகமான இணையம் தர முடியும்.

ஆனால், 3ஜி மட்டும் அறிந்த மோடம் அன்றோடு அநாதையானது. 2ஜி அலைவரிசை தொடர்ந்ததால் அது 2ஜியைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேகத்தில் இன்றைய இணையப் பக்கம் பாதிகூடத் திறக்காது. சிம் அட்டையை மாற்றினாலும் பயனில்லை. குறை மோடத்தின் உள்ளே இருக்கிறது. வைமெக்ஸ் மோடம் வைத்திருப்போருக்கும் இதே நிலைதான். அந்தச் சேவையே இப்போது நாட்டில் இல்லை.

உங்கள் மோடம் எந்த வகை என்று அறிவது எளிது. அதன் மேலோ உறையிலோ 4ஜி அல்லது எல்.டி.இ. என்று எழுதியிருந்தால் பயன்படும். எச்.எஸ்.பி.ஏ. என்றோ, வேகம் 3.6, 7.2, 21 எம்பிபிஎஸ் என்றோ மட்டும் இருந்தால் அது 3ஜி. வெளிநாட்டிலிருந்து வந்த 4ஜி மோடம் என்றால், நம் நாட்டில் பயன்படும் 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை அது ஏற்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்று என்றால் எதற்கு மாற்று?

வீட்டு இணையம் நிற்பதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள். கம்பி அறுவது, மின்சாரம் போவது, நிறுவனத்தின் கட்டமைப்பிலேயே கோளாறு ஏற்படுவது. மாற்று இணைப்பு இந்த மூன்றிலும் முதல் இணைப்பிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் பணம் கட்டிவிட்டு இரண்டும் ஒன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் மின்சாரம். பழைய செம்புத் தொலைபேசிக் கம்பிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. வீடு இருண்டாலும் தொலைபேசி பேசும். ஃபைபர் அப்படி இல்லை. அது ஒளியை மட்டுமே கொண்டுவருகிறது. வீட்டில் மின்சாரம் போனால் சுவரில் உள்ள ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் உடனே அணைந்துவிடும். யூ.எஸ்.பி. மோடத்திற்கு மடிக்கணினியின் மின்கலமே போதும். ஆயினும் கைப்பேசிக் கோபுரமும் மின்சாரத்தை நம்பித்தான் நிற்கிறது. அதன் மின்கலம் தீரும் வரைதான் இந்த வசதி. ஆகவே மின்தடை ஏற்பட்டதும் முக்கியமான வேலையை முதலில் முடித்துவிட வேண்டும்.

அடுத்தது நிறுவனம். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். செல்கோமும் டிஜியும் 2022 நவம்பர் 30ஆம் தேதி ஒன்றாக இணைந்து செல்கோம்டிஜி ஆகிவிட்டன. அப்பா செல்கோம், அம்மா டிஜி, ஆகவே வீட்டில் இரண்டு வழி இருக்கிறது என்று இனி சொல்ல முடியாது. டியூன் டாக், ரெட்வன் போன்ற பெயர்களில் வரும் சிம் அட்டைகளும் சொந்தக் கோபுரம் இல்லாமல் செல்கோம் கட்டமைப்பை வாடகைக்கு எடுத்து வளர்ந்தவை. அட்டையின் நிறம் வேறு, கோபுரம் ஒன்று. உண்மையான மாற்று வேண்டுமானால் செல்கோம்டிஜி ஒன்று, மெக்சிஸ் அல்லது யூ மொபைல் ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கும் முன் பக்கத்து வீட்டாரின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி நம் வீட்டுக்குள் சோதித்துப் பார்ப்பது விளம்பரத்தை நம்புவதைவிட நல்லது.

கைப்பேசி வேலைக்குப் போய்விட்டால்

"கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதுமே, மோடம் எதற்கு?" என்ற கேள்வி நியாயமானது. பலருக்கு அதுவே போதும். ஆனால், அப்பாவின் கைப்பேசிதான் வீட்டின் ஒரே இணையம் என்றால், அவர் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இணையமும் அவரோடு கிளம்பிவிடுகிறது. பிள்ளை மாலை வரை காத்திருக்க வேண்டும். மோடம் வீட்டில் இருக்கும் பொருள். அதன் பெரிய பயன் அதுதான். அதோடு, வரம்பில்லா டேட்டா என்று விற்கப்படும் சில கைப்பேசித் திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கிறது. சில திட்டங்களின் சிம் அட்டையை மோடத்தில் போடவே அனுமதி இல்லை. கேட்டு வாங்க வேண்டும்.

செம்பனை மரங்களும் தகரக் கூரையும் அலைவரிசையைத் தடுக்கும். மோடத்தை மடிக்கணினியில் நேரடியாகச் செருகாமல், நீட்டிப்புக் கம்பி வழியாகக் கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலுக்குக் கொண்டுபோனால் பல வேளைகளில் வேகம் கூடும். கம்பி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. வீட்டில் பலர் பயன்படுத்துவதாக இருந்தால், சிம் போடும் வைஃபை மோடம் இன்னும் வசதி.

டேட்டாவைப் பொறுத்தவரை, அவசரத்திற்கு நிறையத் தேவையில்லை. ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து ஆவணம் அனுப்பச் சில பத்து எம்பி போதும். அதைத் தின்பது காணொலியும், கணினி தானாகச் செய்துகொள்ளும் புதுப்பித்தலும்தான். இரண்டையும் நிறுத்தி வைத்தால் சிறிய திட்டமே தாங்கும். முன்கட்டண சிம் என்றால் மாதம் ஒருமுறை செருகிப் பார்க்க வேண்டும். காலாவதியான சிம்மும் பழைய 3ஜி மோடமும் ஒன்றுதான்.

யாருடைய பொறுப்பு?

மெர்லிமாவ் பட்டணத்தில் பாலிடெக்னிக் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அது கண்ணுக்கு எட்டும் தூரம். ஆனால், அங்கே சேர விண்ணப்பிக்கும் வழி யூ.பி.யூ. இயங்கலைதான். 2024ஆம் ஆண்டு பாடு தரவுத் தளத்தில் பதிந்துகொள்ள ஜனவரி 2 முதல் மார்ச் 31 வரை காலம் தரப்பட்டது. அதுவும் பெரும்பாலும் இணையத்தின் வழிதான். இறுதி நாளில் லைன் இல்லை என்பதைக் கணினி காரணமாக ஏற்பதில்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், குழாய் நீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் கடமையாக எழுதி வைத்தது. ஒரு காலத்தில் அவையும் "இருந்தால் நல்லது" என்ற நிலையில்தான் பார்க்கப்பட்டன. இன்று இணையம் அந்த இடத்தில் நிற்கிறது. 2023ஆம் ஆண்டில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக மாதம் 69 வெள்ளிக்கு 30 எம்பிபிஎஸ் வேகமுள்ள பெர்பாடுவான் திட்டம் வந்தது. விலை கைக்கு எட்டியது. ஆனால், கம்பி வாசலுக்கு வந்தால்தான் அந்த விலைக்கு அர்த்தம். தோட்ட நிலம் நிறுவனத்திற்குச் சொந்தம். அதன் ஒப்புதல் இல்லாமல் அங்கே கம்பம் நட முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனம் வாடிக்கையாளர் எண்ணிக்கையைப் பார்க்கும். தோட்ட நிர்வாகம் நிலத்தைப் பார்க்கும். நடுவில் நிற்பவர் கையில் ஒரு மோடம்.

ஆகவே புகார் முக்கியம். ஜென்டேலா வரைபடத்தில் உங்கள் முகவரியைத் தேடி, அதில் காட்டும் சேவையும் வீட்டில் கிடைக்கும் சேவையும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் கொடுங்கள். தேதி, நேரம், வேகச் சோதனையின் படம் மூன்றும் இருக்க வேண்டும். ஒரு வீட்டின் புகார் ஒரு காகிதம். ஒரு லயத்தில் உள்ள எல்லா வீடுகளும் கொடுத்தால், அங்கே இத்தனை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆலயக் குழுவும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதை ஒருங்கிணைத்து, தோட்ட நிர்வாகத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் எழுத்து வடிவில் கொடுக்கலாம்.

பட்டணத்து வீட்டுக்கு 4ஜி மோடம் நல்ல துணை. வேறு நிறுவனத்தின் சிம்மோடு ஒன்று வாங்கி வைப்பது தவறில்லை. ஆனால், தோட்டத்து வீட்டைப் பார்த்து "மோடம் இருக்கிறதே, அது போதாதா?" என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. முதல் இணைப்பே இல்லாத வீட்டுக்கு மாற்று இணைப்பு என்று ஒன்று கிடையாது.