வண்ண விளக்கு வரட்டும், வரைமுறையோடு



சென்னையில் 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை சுதந்திர தினத்தன்று மூவண்ணத்தில் ஒளிர்கிறது. டெல்லி நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களுக்கு 2017இல் நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தினார்கள். எங்கள் காரைக்கால் பக்கத்திலோ பிரெஞ்சு ஆட்சி நீங்கிய நவம்பர் 1 விடுதலை நாள் வந்தால் சீரியல் செட்தான். விழா முடிந்ததும் பல்புகள் போய்விடும். ஆணியும் கட்டுக்கம்பியும் சுவரிலேயே துருப்பிடித்துக் கிடக்கும்.

பிரான்சின் லியோன் நகரில் 1852 டிசம்பர் 8 அன்று மக்கள் சன்னல்தோறும் ஏற்றிய மெழுகுவர்த்தி, இன்று கட்டடங்களையே திரையாக்கும் ஒளித் திருவிழாவாக வளர்ந்திருக்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலும் ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் அப்படி முயலலாம். கருப்பொருளுக்கா பஞ்சம்? காரைக்கால் அம்மையார் கதை ஒன்றே போதும்.

ஆனால் சில நிபந்தனைகள் வேண்டும். உப்புக் காற்றில் மலிவு விளக்கு நிலைக்காது. நீர், தூசி புகாத, துருவைத் தாங்கும் தரமே வாங்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர்களைத் துளையிடாமல் தரையிலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும். ஒப்பந்தத்திலேயே ஐந்தாண்டுப் பராமரிப்பைச் சேர்க்க வேண்டும். கடல் பக்கம் ஒளி போகவே கூடாது. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் அலையை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து மடிகின்றன.

இவற்றோடு, முதலில் கிராமத் தெருவிளக்குகள் ஒழுங்காக எரிவதையும் மாவட்ட நிர்வாகம் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர், குரும்பகரம்