பிரேக் பைப்புக்கு ஒட்டுப் போடுகிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார், வான் வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். பிள்ளைகளை வானில் பாடசாலைக்கு அனுப்பும் உம்மாமாரும் வாசியுங்கள். கோபம் வருகிறவர்களுக்கு வரட்டும்.

போன வாரம் ஒரு கராஜில் தூக்கி வைத்திருந்த காரின் அடியைப் பார்த்தேன். பின்பக்க இடது சில்லுக்குப் போகிற பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டையாகி இருக்கிறது. அதை வெட்டி, நுனியை மடக்கி, சுத்தியலால் தட்டி அடைத்து விட்டிருக்கிறார்கள். லீக் நின்று விட்டது. அந்தச் சில்லுக்குப் பிரேக்கும் நின்று விட்டது. கேட்டேன். "மத்த மூணுலயும் புடிக்குதுதானே சேர், ரெண்டு வருஷமா இப்பிடித்தான் ஓடுது" என்று பதில். அந்தக் காரின் பின்சீற்றில் ஒரு சின்னப் பிள்ளையின் தண்ணிப் போத்தல் கிடந்தது.

இது ஒரு கராஜின் கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். நமது ஊரில் இது பழக்கமாகிவிட்டது. ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டி, தண்ணிக் குழாய்க்குப் போடுகிற வளைய ஜொயின்ற் போட்டு இறுக்குவது. எபொக்சி பூசுவது. பெற்றோல் பைப் என்றால் ஒரு முழம் றப்பர் ஹோஸைச் செருகி இரண்டு கிளிப் போடுவது. இதையெல்லாம் பாஸ்மார் தாங்களாகச் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "முழுசா மாத்தணும்" என்று பாஸ் சொன்னால், "இப்போதைக்கு ஒரு துண்டைப் போட்டு விடுங்க" என்று சொல்கிறவர்கள் நாம்தான். பிறகு அடிபட்டால் பாஸைத் திட்டுவோம்.

அமுக்கம் பாடம் நடத்தும்போது திரவத்தினூடாக அமுக்கம் கடத்தப்படுவதற்கு உதாரணமாக வாகனப் பிரேக்கைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் படம் கீறி, பெயரிட்டு, புள்ளி எடுக்கிறார்கள். அதே பாடத்தைப் படித்து விட்டு வந்த வாப்பாமார் பைப்பை மடக்கி ஓடுகிறோம். டயருக்கு 30 காற்று அடிக்கிறோம் இல்லையா, அதே அளவையில் பார்த்தால், அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போது பிரேக் பைப்புக்குள் 1000க்கு மேலே போகும். முப்பது மடங்குக்கு மேல். அதைத் தாங்குகிற பைப்பின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீற்றர், சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர் கூட இல்லை. அதில் பாதியைத் துரு தின்றிருந்தால் மெதுவாக மிதிக்கும் நாட்களில் ஒன்றும் தெரியாது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்து, முழுப் பலத்தோடு மிதிக்கிற அந்த ஒரு தடவைதான் அது வெடிக்கும்.

"ஒரு பைப் போனாலும் மத்தது புடிக்கும்" என்பது பாதி உண்மை. பிரேக்கை இரண்டு பகுதியாகப் பிரித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஒன்று போனால் மற்றது நிற்கும். ஆனால் பெடல் ஆழத்துக்குப் போகும், நிற்கிற தூரம் கூடும். முன் பின் என்று பிரித்திருக்கும் வானில் முன்பகுதி போனால் மிஞ்சுவது பின் பிரேக் மட்டும். வாகனத்தை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சில்லுகளுடையது என்பதை எந்த ட்ரைவரும் அறிவார். கண்டியிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது பதினெட்டு வளைவில் அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்? ஹேன்ட் பிரேக் என்று சொல்லாதீர்கள். அது பின் சில்லில் மட்டும் பிடிக்கிற கேபிள்.

நாம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஜன்னல் கம்பியும் கேற்றும் எத்தனை வருஷத்தில் உக்கிப் போகின்றன என்று பாருங்கள். அதே உப்புக் காற்றுத்தான் காருக்கு அடியிலும் போகிறது. போதாததற்கு மாரி காலத்தில் வெள்ளத்துக்குள் ஓடுகிறோம். பைப்பைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் கிளிப்புகளுக்குள் மண்ணும் ஈரமும் தங்கி, முதலில் அங்கேதான் துரு பிடிக்கும். அதற்கடுத்தது பெற்றோல் தாங்கிக்கு மேலே, பின் அச்சுக்குப் பக்கத்தில். இரண்டுமே குனிந்து பார்த்தால் தெரியாத இடங்கள். ஜப்பானில் பனி கொட்டும் பகுதிகளில் பாதைக்கு உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய வாகனம் என்றால் இங்கே இறங்கும்போதே அடியில் துருவோடுதான் இறங்கும்.

ஒட்டுப் போடுவது ஏன் பிழை என்பதற்கு இதுதான் காரணம். ஓட்டை விழுந்த இடத்துக்கும் அதற்கு ஒரு அடி தள்ளியுள்ள இடத்துக்கும் ஒரே வயது, ஒரே உப்பு. இன்றைக்கு இங்கே ஒழுகினால் ஆறு மாதத்தில் அங்கே. அதோடு பல வாகனங்களில் பிரேக் பைப்பும் பெற்றோல் பைப்பும் ஒரே கிளிப்பில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று உக்கியிருக்கும்போது மற்றது நல்லாயிருக்கும் என்று நம்புவதற்கு ஒரு நியாயமும் இல்லை. பழைய காபரேற்றர் காரில் பெற்றோல் பைப்பில் அமுக்கம் குறைவு, ஒழுகினால் சொட்டும். இன்ஜெக்ஷன் காரில் 3 பார் அளவில் இருக்கும், ஓட்டை விழுந்தால் பீய்ச்சி அடிக்கும். சூடான சைலன்சரில் பட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. காருக்குள் பெற்றோல் மணத்தால் எயார் ஃப்ரெஷ்னர் தொங்க விடுகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரும் படித்தவர்.

"எமிஷன் பாஸ்தானே" என்பார்கள். அங்கே பார்ப்பது புகையை. பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. நம் சொந்தக் காருக்கு வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்க எமிஷனும் காப்புறுதியும் காட்டினால் போதும். அடியில் பைப் உக்கியிருப்பதை அந்த இரண்டு கடதாசியும் கண்டுபிடிக்காது.

"காசு எங்க சேர்?" இந்தக் கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் நம்மைப் போன்ற சம்பளக்காரருக்குக் கனவிலும் முடியாது. ஆகவே இந்தப் பழைய கொரோலாவும் சன்னியும் டவுன்ஏஸும்தான் இன்னும் பல வருஷத்துக்கு நமக்கு. அதனால்தான் அடியைப் புதுப்பிக்கச் சொல்கிறேன். இதில் பைப்பின் விலை பெரிதல்ல, கூலிதான் கூட. செற்றுக்கும் சீற் கவருக்கும் கொடுக்கிற காசு நம்மிடம் இருக்கத்தானே செய்கிறது.

"மௌத் எழுதியிருந்தா வரும்" என்கிறவர்களுக்குப் பதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். வானில் இருப்பது அடுத்தவனின் பிள்ளை, அது அமானிதம்.

சரியாகச் செய்வது எப்படி என்றும் சொல்லி விடுகிறேன், கராஜில் உங்களை ஏமாற்ற முடியாது. முனையிலிருந்து முனை வரை ஒரே பைப்பாக மாற்றச் சொல்லுங்கள். பிரேக்குக்கென்று வருகிற உருக்குப் பைப், அல்லது செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் நம் கடற்கரைக்கு அதுதான் நல்லது, துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். ஏசிக்குப் போடுகிற வெறும் செம்புப் பைப்பைப் போட விடாதீர்கள். அது அதிர்ந்து அதிர்ந்து கடினமாகி வெடிக்கும். முனையை இரட்டை மடிப்பாக ஃபிளேயர் அடிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு இந்த அமுக்கத்துக்குக் காணாது. பழைய கிளிப்புகளையும் மாற்றுங்கள். கிளிப் இல்லாமல் தொங்குகிற புது பைப் உராய்ந்தே ஓட்டையாகும். பெற்றோல் பைப்பில் றப்பர் வருகிற இடங்களில் இன்ஜெக்ஷனுக்குரிய ஹோஸ்தான் வேண்டும், கண்ட கடையில் முழக்கணக்கில் வாங்குவது இல்லை. பிரேக் ஒயிலைப் புதிதாக ஊற்றி, எயார் முழுதாக எடுத்த பிறகு, எஞ்சினை ஓடவிட்டு நின்ற நிலையிலேயே ஒரு நிமிஷம் ஓங்கி மிதித்துப் பிடியுங்கள். மற்றவர் டோர்ச்சோடு ஒவ்வொரு ஜொயின்றையும் பார்க்கட்டும். ஏபிஎஸ் உள்ள காரென்றால் எயார் எடுக்க ஸ்கேனர் தேவைப்படலாம்.

இன்னொன்று. மாதா மாதம் பிரேக் ஒயில் ஊற்றுகிறீர்களா? பிரேக் ஒயில் எரிந்து குறைகிற சாமான் அல்ல. பேட் தேயும்போது மட்டம் மெல்ல இறங்கும், அவ்வளவுதான். அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

கார் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பதற்கு முதல் நாள் அடியைக் கழுவி, கழிவு ஒயிலோ தாரோ அடித்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது வியாபாரத் தந்திரம் என்று நினைக்கிறீர்கள். குறையை மறைத்து விற்ற காசில் பிள்ளைக்குச் சோறு போடலாமா என்று பள்ளிவாசலில் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்களே, அடியில் புதுத் தார் பூசியிருந்தால் அந்தக் காரை விட்டு விடுங்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் இரட்டை ஃபிளேயர் அடிக்கும் சாமானும் அனுபவமும் உள்ள பாஸ்மார் யாரென்று தெரிந்தவர்கள் கமென்டில் கராஜ் இருக்கும் இடத்தைப் போடுங்கள். செம்பு நிக்கல் பைப் எந்த ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் இருக்கிறது என்றும் போடுங்கள். வான்கார காக்காமார் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சுருளாக எடுத்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.