கோர் பெட்டிக்கு யார் பொறுப்பு?

மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் கருத்துக் கேட்டு வெளியிட்ட புவிப் பாரம்பரியத் தலங்கள், புவிச்சின்னங்கள் மசோதா வரைவில் நம் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் கேட்கிறார்கள். தலங்களைக் காக்கும் பிரிவுகளை ஆதரிக்கிறோம். காரைக் களிமண் நிலத்தையும் அரியலூர் வெட்டுமுகங்களையும் எப்போதோ பாதுகாத்திருக்க வேண்டும்.

புவிச்சின்னத்துக்குத் தரப்பட்ட விளக்கம்தான் இடிக்கிறது. புதைபடிவம், விண்கல், கனிமத்தோடு படிவுகளும் அதில் அடக்கம். அப்படியானால் 63 மைக்ரான் சல்லடையில் நாம் கழுவி உலர்த்திய படிவு எச்சமும் புவிச்சின்னமே. சேகரிக்கவும் அகழவும் அதிகாரம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநருக்கு. சிதம்பரத்திலிருந்து மாதிரிப் பையோடு பேருந்து ஏறும் முதுகலை மாணவருக்கு என்ன உரிமை?

இந்த உரிமை ஏன் முக்கியம்? புதைபடிவப் பதிவில் காலச் சுழற்சி தேடுபவருக்கு ஒரே படிவுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. ராப்பும் செப்கோஸ்கியும் 1984இல் சொன்ன 26 மில்லியன் ஆண்டு அழிவுச் சுழற்சி இன்றும் தீராத வழக்காக இருப்பதற்குக் காலக்கணக்கும் மாதிரிக் குறையும் பெரும் காரணங்கள். போஃபோர் குழுவினர் 2022இல் கோக்கோலித் எனும் கடல் நுண்பாசிச் சுண்ணத் தகடுகளின் வடிவ மாற்றத்தில் 4.05 லட்சம் ஆண்டு லயத்தைக் காட்டினார்கள் என்றால், வெப்பமண்டலக் கடலடியில் துளைத்தெடுத்த உருளைகளான கோர்களில் அவர்களால் நெருக்கமாக மாதிரியெடுக்க முடிந்ததே காரணம். மில்லியன் ஆண்டுக்கு 20 மீட்டர் படிந்த இடத்தில் 10 மீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்தால் இடைவெளியே 5 லட்சம் ஆண்டு. அந்த லயம் பிடிபடாது. அதன் இடத்தில் ஒரு போலி அலை தெரியும். கோர் இல்லாமல், துளைக்கும்போது வெளிவரும் துகள்களான கட்டிங்ஸ் மட்டும் வைத்திருப்பவர் கதை இன்னும் மோசம்.

கடலூர் அருகே திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் மலையேறினால் காலில் படுவது சிவந்த கடலூர் மணற்கல். ஃபோராமினிஃபெரா எனும் கடல் நுண்புதைபடிவம் தேடுபவருக்கு அதில் வேலையில்லை. கடலின் பதிவு அதற்கடியில் இருக்கிறது. துளைக்கிணறு வழியாக மட்டுமே இங்கே மேலே வரும். பொதுப்பணத்தில் துளைத்த கிணறுகள் அவை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கில் பாலியோசீன் கோரிலிருந்து 50 செ.மீ. இடைவெளியில் மாதிரி கேட்டேன். மூன்று கடிதம் எழுதிய பிறகு பதில் வந்தது: இடநெருக்கடியால் பெட்டிகள் அகற்றப்பட்டுவிட்டன. அந்த ஆழத்தை மறுபடி துளைக்க எந்தத் துறை பணம் தரும்? இருந்த ஒரே சாட்சியைக் குப்பையில் கொட்டியவர்கள் ஒரு வரி வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

தலத்தைச் சிதைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது வரைவு. கோரை அழித்த அலுவலகத்துக்கும் அதே தண்டனை வேண்டும். ஒவ்வொரு கோரிலும் பாதி வெட்டப்படாமல் இருக்க வேண்டும். மறுபாதியில் மாதிரி கேட்கும் பல்கலைக்கழகத்துக்குக் கெடு வைத்துப் பதில் சொல்ல வேண்டும். இவை சட்டத்தில் ஏறாதவரை இந்த வரைவுக்கு நம் கையொப்பம் இல்லை.