ஆம்ப் வாங்கவும் குடவோலை முறை!

எங்க ஊர் உத்திரமேரூர். குடவோலையில பேரைப் போடறதுக்கு முன்னாடியே தகுதி பார்த்த ஊருங்க. கோயில் சுவர்ல கல்வெட்டே இருக்கு. கிட்டார் ஆம்ப்புக்கும் அதேதான். டிஸ்டார்ஷன் அதிரடியில மயங்கி நானும் ஒரு பெட்டி வாங்கினேன். கிளீன்ல வாசிச்சா தகர டப்பா!

என் கட்சி இதுதான்: முதல் தகுதி கிளீன் டோன். டிஸ்டார்ஷனுக்கு 1978-ல வந்த பாஸ் டிஎஸ்-1 மாதிரி பெடல் பிறகு சேர்த்துக்கலாம். மோசமான கிளீனை எந்தப் பெடலும் காப்பாத்தாது. மெட்டாலிகாவோட ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டே கிளீனுக்குன்னு தனியா, 1975-ல வந்த ரோலண்ட் ஜேசி-120 வெச்சிருந்தார்.

அதனால கடையில கெயினைக் குறைச்சு, நீங்க வாசிக்கப்போற சத்தத்துக்கு வால்யூமை ஏத்தி, ஒரு கார்டை முழுசா அடிச்சுப் பாருங்க. உடைஞ்சு கரகரன்னா அந்த ஓலையைக் குடத்துலயே போடாதீங்க. என்ன சொல்றீங்க மக்களே?